முதல் 'ஓகே'யை நம்பாதவர்

யாராவது "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொன்னால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? சரி என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். அக்கா அப்படி விடமாட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி, சொன்னவரின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு, "ம்ம்... இப்ப உண்மையைச் சொல்லும்" என்பார். மெல்பர்னில் அவரோடு வேலை பார்த்த காலத்தில், இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து நான் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்ததுகூட உண்டு.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், "என்னைக் கேக்காமல் ஏன் எழுதினனீர்?" என்று போனில் பிடித்துக்கொள்வார். யாழ்ப்பாணத்துக்காரர்; ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். எங்கள் பேராசிரியர் அயர்லாந்துக்காரர். அவரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அது உறவுச்சொல் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 'திருமதி அக்கா' என்று உறையில் எழுதி அவர் கொடுத்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்கா அதைத் திருத்தவில்லை. மேசையில் எல்லோரும் பார்க்கும்படி நிறுத்திவைத்திருந்தார்.

எங்களுடையது ஒரு பொது ஆய்வகம். கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரே பெரிய அறை, அதன் பொறுப்பாளர் அக்கா. ஒரு மூலையில் கட்டடக்கலை மாணவர்கள் இல்லாத சுவர்களைத் தடவிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு மூலையில் தாதியர் படிப்புக்காரர்கள் ஆளுயரப் பொம்மைமேல் இல்லாத காயத்துக்குக் கட்டுப் போடுவார்கள். நடுவில் நாங்கள்: முதியவர்கள் கீழே விழாமல் நடக்கப் பயிற்சி தரும் குழு. எல்லோருக்கும் பொதுவாகச் சில ஹெட்செட்டுகள். மிக்ஸ்ட் ரியாலிட்டி என்பார்கள். தலையில் மாட்டினால் நிற்கும் அறையும் தெரியும், அந்த அறையில் இல்லாத பொருள்களும் அங்கேயே இருப்பதுபோலத் தெரியும். மேசை நிஜம், மேசைமேல் படுத்திருக்கும் பூனை பொய். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முழுப் பொய் என்றால் மனிதன் உஷாராக இருப்பான். பாதி உண்மை கலந்துவிட்டால் ஏமாந்துபோவான்.

நான் திருச்சியில் படித்து, சென்னையில் சில காலம் குப்பை கொட்டி, விசா கிடைத்து வந்த மென்பொருள்காரன். வேலையில் சேர்ந்த அன்றே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீரமாக நடந்தேன். கொஞ்ச நேரத்தில் வயிறு புரள ஆரம்பித்தது.

"எப்பிடி இருக்கு தம்பி?" என்று ஒரு குரல் கேட்டது.

"சூப்பரா இருக்குக்கா."

"தலை சுத்துதோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. ஐ ஆம் ஃபைன்."

பேராசிரியர் "குட், குட்" என்றார். அக்காவின் குரல் பக்கத்தில் வந்தது. "தம்பி, நான் உம்மடை வலப்பக்கத்திலை நிக்கிறன். இப்ப உம்மடை தோளைத் தொடப்போறன். கழட்டும்."

கழற்றினேன். "நீர் ஃபைனாத்தான் இருக்கிறீர். முகம்தான் வாழையிலை மாதிரிப் பச்சையாக் கிடக்கு" என்றபடி குப்பைக்கூடையை என் முன்னால் வைத்தார். மிகச் சரியான நேரத்தில் வைத்தார். அதற்குமேல் விவரிக்கவேண்டாம்.

புது வேலை, முதல் நாள், பேராசிரியர் பார்க்கிறார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அக்கா வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சத்தி எடுத்தது பிழையில்லை தம்பி. ஃபைன் எண்டு சொன்னீர் பாரும், அதுதான் பிழை. அதை நம்பி நான் அங்காலை திரும்பியிருந்தா, நீர் அந்த நேர்ஸ் பிள்ளையளின்ரை பொம்மைக்கு மேலை விழுந்திருப்பீர்."

அவருடைய ஆய்வகச் சட்டங்கள் எல்லாமே இந்த அவநம்பிக்கையில் பிறந்தவை. மாட்டியிருப்பவரைப் பேசாமல் தொடக்கூடாது. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடவேண்டும். ஒருவர் மாட்டினால் மாட்டாத ஒருவர் பக்கத்தில் நின்றே ஆகவேண்டும். அவர் கையில் போன் இருக்கக்கூடாது. கழற்றியவுடன் கார் ஓட்டக்கூடாது. இதற்கென்று வாசலில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் உண்டு. உள்ளே வருகிறவர்கள் கார்ச் சாவியை அதில் போடவேண்டும். வேலை முடிந்ததும் எல்லோருக்கும் தேத்தண்ணி வரும்; நம்மூர் டீதான். குடித்து முடித்தால்தான் சாவி கைக்கு வரும். வயிறு கலங்கியிருப்பவனுக்குப் பால் தேத்தண்ணி இறங்காது. "இப்பத்தான் குடிச்சேன்" என்று யாராவது நழுவினால் சாவி கிண்ணத்திலேயே கிடக்கும். "மயக்கமாக இருக்கிறதா?" என்ற கேள்விக்கு அந்த ஆய்வகத்தில் யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை. தேத்தண்ணியை மறுத்தவர்கள் ஏராளம்.

அவர் எப்போதும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை பல்கலைக்கழகத்தின் பெரிய மனிதர் ஒருவர் பார்வையிட வந்தார். கோட்டும் சூட்டுமாக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நின்றவர் கொஞ்ச நேரத்தில் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தார். அக்கா கேட்டார். "ஐ ஆம் பெர்ஃபெக்ட்லி ஆல் ரைட்" என்று பதில் வந்தது. அக்காவுக்கு அது போதாதா? "சேர், இடப்பக்கத்தில் நிற்கிறேன்" என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார். பாவம், அந்த மனிதர் மயக்கத்தில் ஆடவில்லை. பயிற்சிக்கு நான் போட்டிருந்த பின்னணி இசை பிடித்துப்போய் ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது.

அவர் போனபிறகு பேராசிரியர் கொஞ்சம் நிதானமாக நடந்துகொள்ளக்கூடாதா என்று கெஞ்சினார். அக்கா அசையவில்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "பிழையாக் கழட்டினா என்னைத் திட்டுவினம். திட்டட்டும். கழட்டாமல் விட்டு அந்தாள் விழுந்து மண்டை உடைஞ்சா, திட்டுறதுக்கு ஆள் இருக்குமோ?" நான் அதை மொழிபெயர்க்கவில்லை. பேராசிரியருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அவர் வீட்டில் சாப்பிட்ட அன்று தெரிந்தது. மெல்பர்னின் ஓரத்தில், கிரான்பர்னில் வீடு. என்னையும் என் மனைவியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருந்தார். புட்டு, நண்டுக்கறி, கத்திரிக்காய்ப் பொரியல், சொதி. என் மனைவி சாப்பிட்டு முடித்து "போதும்க்கா" என்றாள். அக்கா ஒரு கரண்டி வைத்தார். "ஐயோ போதும்க்கா." இன்னொரு கரண்டி.

"எங்கடை ஊரிலை 'காணும்' எண்டுவினம், உங்கடை ஊரிலை 'போதும்' எண்டுவினம். எங்கையாவது முதல் தரம் சொன்னவுடனை ஆரும் கரண்டியைக் கீழை வைக்கிறவையோ? இல்லைத்தானே. இன்னும் பசி இருக்கெண்டு எல்லாருக்கும் தெரியும். பிறகு தலையிலை அந்தச் சாமானை மாட்டினவுடனை மட்டும் ஏன் முதல் சொல்லை நம்பவேணும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் என் மனைவி மூன்றாவது தடவை சொன்ன 'போதும்' நூற்றுக்கு நூறு உண்மை. அதையும் அவர் நம்பவில்லை. வீடு திரும்பும்வரை காரில் நிமிர்ந்து உட்கார முடியாமல், "உங்க அக்கா ஆளையே கொன்னுடுவாங்க" என்று அவள் புலம்பிக்கொண்டே வந்தாள்.

அக்காவின் கணவர் அதிகம் பேசாதவர். அன்று சொதியை ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "கலியாணம் பேசேக்கை நான் போனிலை 'ஓம், எனக்குச் சம்மதம்' எண்டு சொன்னனான். அடுத்த நாள் இவ தனியா எடுத்து, உண்மையாச் சம்மதமோ எண்டு கேட்டவ. ஓம் எண்டன். நம்பேல்லை. இன்னொருக்கா எடுத்துக் கேட்டவ. அப்பதான், சம்மதம்தான், ஆனா சரியான பயமாக் கிடக்கு எண்டு சொன்னன். பிறகுதான் இவ ஓம் எண்டு சொன்னவ."

"பயமில்லையெண்டு சொல்லியிருந்தா வேண்டாமெண்டிருப்பன்" என்று சமையலறைக்குள்ளிருந்து அக்காவின் பதில் வந்தது.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. மதிய இடைவேளையில் அம்மா திருச்சியிலிருந்து போன் செய்வார். "நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேன். குளிரா? அதெல்லாம் இல்ல" என்பேன். சாப்பிட்டிருக்கமாட்டேன், கோட்டுக்குமேல் கோட்டுப் போட்டிருப்பேன். ஒரு நாள் போனை வைத்ததும் அக்கா கேட்டார்: "அவவும் அங்கை உப்பிடித்தான் சொன்னவவோ?" ஆமாம், அம்மாவும் நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னார் என்றேன். "பிறகென்ன, ரெண்டு பக்கமும் பொய். நடுவிலை போன் கம்பனிக்காரன்தான் உழைக்கிறான்."

சிரித்தேன். ஆனால் மறுநாள் அம்மா நல்லா இருக்கேன் என்றதும், "நெஜமா சொல்லும்மா" என்று கேட்டுவிட்டேன். அம்மா முதலில் பேச்சை மாற்றப் பார்த்தார். பிறகு, முழங்கால் வலியால் மாடிக்குத் துணி காயப்போடப் போவதே இல்லை, கொடியைக் கீழேயே கட்டிவிட்டேன் என்றார். இவ்வளவு நாளாக ஒரு கேள்வியை ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு மகன் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்றிலிருந்து அக்காமேல் எனக்கிருந்த எரிச்சல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி ஒரு தபால் அதிபர் விஷயத்தில் போயிற்று.

அதைச் சொல்லவேண்டும். எங்கள் நடைப்பயிற்சிக்குத் தமிழ் முதியோர் சங்கத்திலிருந்து அன்ரிமாரும் அங்கிள்மாருமாக ஒரு கூட்டத்தை அக்கா திரட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹெட்செட்டை மாட்டினால் ஆய்வகத்துத் தரையில் ஓர் ஓடை தெரியும்; அதன் நடுவே வரிசையாகக் கற்கள். தண்ணீரில் கால்படாமல் கல்மேல் கல்லாக மிதித்து நடக்கவேண்டும். ஒரு அன்ரி சேலை நனையாமலிருக்கக் கணுக்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொள்வார். ஓடையின் அந்தக் கரையில் அழகுக்கு ஒரு நாற்காலி வைத்திருந்தேன். அக்கா முதல் பார்வையிலேயே அதை எடுக்கச் சொல்லிவிட்டார். "எங்கடை ஆக்கள் கதிரையைக் கண்டா இருப்பினம் தம்பி. இருந்தா இடுப்பு முறிஞ்சுபோம்."

அந்தக் கூட்டத்தில் ஒருவர் யாழ்ப்பாணத்துப் பக்கம் தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமானபின் கிரான்பர்னில் ஒரு சின்ன யூனிட் வீட்டில் தனியாக இருந்தார். தொட்டியில் கறிவேப்பிலை, வேலியோரம் மிளகாய், காலையில் சிவபுராணம், பின்னேரம் பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவரோடு வேலிக்கு இருபுறமும் நின்று பேச்சு. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஒரே மகன் சிட்னியில், செவன் ஹில்ஸில். எப்படியோ விஷயம் தெரிந்ததும், யூனிட்டை விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லிப் பிடிவாதமாக நின்றார். கடைசியில் ஓர் உடன்பாடு: அப்பா எங்கள் பயிற்சியை முடிக்கட்டும், முடிவில் மகன் வந்து நேரில் பார்ப்பார், திடமாக நடந்தால் தனியாக இருக்கலாம்.

"மகன் வீட்டிலை எனக்கொரு அறை இருக்கு தம்பி" என்று என்னிடம் சொன்னார். "இஞ்சை எனக்கொரு வீடு இருக்கு."

ஆகவே அவர் வாயிலிருந்து 'தலை சுற்றுகிறது' என்ற சொல் வரவே வராது. எப்போது கேட்டாலும் "ஒண்டுமில்லை, வடிவா இருக்கு." ஆனால் வாரம் ஏற ஏற அவர் நடை மோசமாகிக்கொண்டே போனது. கல்லை விட்டுத் தண்ணீரில் கால் வைத்தார். ஓரத்தில் நின்ற அலமாரியை யாரும் பார்க்காதபோது பிடித்துக்கொண்டார். ஒருநாள் அப்படிப் பிடித்த கை நழுவியது.

"அங்கிள், உங்களுக்குப் பின்னாலை நிக்கிறன். பிடிக்கப்போறன். கழட்டுங்கோ" என்றார் அக்கா.

"ஏன்? எனக்கொண்டுமில்லை."

"கழட்டுங்கோ."

கழற்றினார். கண்கள் கலங்கியிருந்தன. அவ்வளவு மரியாதையான மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். "பிள்ளை, நீர் இப்பிடி ஒவ்வொரு நாளும் நிப்பாட்டினா என்ரை மகன் என்ன நினைப்பான்? உம்மாலை என்ரை வீடு போகப்போகுது!"

அக்கா தேத்தண்ணி கொடுத்தார், அவர் தொடவில்லை. தானே காரில் அவரை வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை. "அந்தாள் சொல்லுறதும் சரிதான் தம்பி. நான் நிப்பாட்டத்தான் பழகினனான். ஏன் சுத்துதெண்டு கேக்கேல்லை" என்றார். பெரியவர் கழற்றிவைத்த ஹெட்செட்டை, ஒன்றையும் மாற்றாமல், அப்படியே எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டார்.

குனிந்து, விரலை நீட்டி எதையோ எண்ணினார். பிறகு கேட்டார்: "தம்பி, நீர் எத்தினை கல்லு வைச்சனீர்?"

சொன்னேன்.

"எனக்கு அதிலை ரெண்டு மடங்கு தெரியுது."

விஷயம் இதுதான். ஹெட்செட்டுக்குள் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு வில்லைகள் உண்டு. அவற்றின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். நான் ஒரு சின்னச் சக்கரத்தைத் திருகிக்கொண்டே "தெளிவா தெரியுதா?" என்று கேட்பேன். தெளிவாகும்வரை திருகவேண்டும். எங்கள் அங்கிள்மாரும் அன்ரிமாரும் முதல் திருகலிலேயே "ஓம், ஓம், வடிவாத் தெரியுது" என்றுவிடுவார்கள். போதாக்குறைக்கு மாட்டுமுன் மூக்குக்கண்ணாடியையும் மரியாதையாகக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். எனக்கும் வேலை சீக்கிரம் முடிந்ததில் மகிழ்ச்சி. இவ்வளவு நல்ல கண்கள் எந்த இனத்துக்கும் இல்லை என்று பேராசிரியர்கூட வியந்திருக்கிறார்.

அடுத்த முறை எல்லோரும் வந்தபோது அக்கா ஒரு சோதனை செய்தார். சேலையைத் தூக்கிச் செருகும் அன்ரிக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டுக் கேட்டார்: "தெரியுதோ அன்ரி?"

"ஓம் பிள்ளை, வடிவாத் தெரியுது."

"ஓடை?"

"நல்ல வடிவான ஓடை."

"கல்லு?"

"எல்லாம் தெரியுது. தம்பி நல்லாச் செய்திருக்கிறார்."

"அன்ரி, நான் இன்னும் சுவிச்சே போடேல்லை."

ஆய்வகமே சிரித்தது. தாதியர் படிப்புப் பிள்ளைகள் மொழி புரியாமலே சிரித்தார்கள். அன்ரிக்குத்தான் கோபம். "பின்னையென்ன பிள்ளை? அந்தத் தம்பி கண்முழிச்சுச் செய்யுது. தாய் தகப்பனை விட்டுட்டு வந்து நிக்குது. ஒண்டும் தெரியேல்லை எண்டு எப்பிடி முகத்துக்கு நேரை சொல்லுறது?" என்று என்னைக் காட்டினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என்மேல் வைத்த இரக்கத்தால் ஒரு கூட்டமே வாரக்கணக்கில் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறது. சேகரித்த அளவுகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. பேராசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, அப்புறம் அவரும் சிரித்தார்.

அதன்பிறகு 'தெளிவா தெரியுதா?' என்ற கேள்வியை அக்கா தடைசெய்தார். "எத்தினை கல்லு?" என்றுதான் கேட்கவேண்டும். அதற்கு மரியாதைக்காகப் பதில் சொல்ல முடியாது, எண்ணித்தான் ஆகவேண்டும். பயிற்சியை முதலிலிருந்து தொடங்கினோம். தபால் அதிபர் மூக்குக்கண்ணாடியோடு, சரியான இடைவெளியோடு நடந்தார். நடை நாளுக்கு நாள் திருந்தியது. அலமாரிப் பக்கம் கை போகவில்லை. அக்காவிடம் கோபத்தைவிட்டு ஒரு பை நிறைய மிளகாய் கொண்டுவந்து கொடுத்தார்.

முழுவதும் குணமாகிவிட்டதா என்றால், இல்லை. வயது வயதுதானே. எப்போதாவது திரும்பும்போது கொஞ்சம் தடுமாறுவார். உடனே "ஒண்டுமில்லை" என்பார். அந்தச் சொல் மட்டும் மாறவில்லை.

"அங்கிள், உங்கடை மகன் என்னைக் கேட்டா நான் உள்ளதைச் சொல்லுவன். மறைக்கமாட்டன்" என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"நீர் சொல்லவேண்டி வராது" என்றார் பெரியவர். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

மகன் விமானத்தில் வந்து இறங்கி நேரே ஆய்வகத்துக்கு வந்தார். நாற்பதைத் தாண்டியவர், சின்ன வயதிலேயே ஆஸ்திரேலியா வந்தவர். அக்கா அவர் போனை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "இண்டைக்கு நீர்தான் காவல். பக்கத்திலையே நடவும். கேக்கிறதெண்டா நீரே கேளும்."

பெரியவர் மாட்டிக்கொண்டார். எண்ணிச் சரியாகச் சொன்னார். நடந்தார். கல், அடுத்த கல், அடுத்த கல். அந்தக் கரை. திரும்பினார். மீண்டும் இந்தக் கரை. ஒரு பிழை இல்லை. மகன் முகம் மலர ஆரம்பித்தது. எனக்குள்ளே ஒரு கூட்டமே கைதட்டியது. வீடு தப்பித்தது என்று நினைத்தேன்.

மறுபடி அந்தக் கரைக்குப் போய்த் திரும்பும்போது, ஓடையின் நடுவில் நின்றுவிட்டார்.

"அப்பா, ஆர் யூ ஓகே?" என்றார் மகன்.

சொல்லுங்க அங்கிள், ஒண்டுமில்லைன்னு சொல்லுங்க, இன்னும் ரெண்டே கல்லு என்று நான் மனத்துக்குள் மன்றாடினேன். அக்காவைப் பார்த்தேன். அவர் பெரியவரின் முகத்தைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கேட்டுவிட்டு, பதிலுக்காக அங்கேயே நின்றார்.

"இல்லைத் தம்பி" என்றார் பெரியவர். "தலை சுத்துது. ஒருக்கா இருக்கவேணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா கதிரையோடு அங்கே இருந்தார். இப்போது உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை, முகத்தை ஆராயவில்லை. ஒருவர் சொன்ன முதல் சொல்லை அவர் அப்படியே நம்பியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பெரியவரை உட்காரவைத்து, ஹெட்செட்டைக் கழற்றி, தண்ணீரைக் கையில் கொடுத்தார்.

போச்சு என்று நினைத்தேன். மகன் அப்பாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"பாத்ரூமிலை விழுந்ததை எனக்குச் சொல்லேல்லை" என்றார். "வீடியோ கோலிலை காயத்தைக் கண்டு கேட்டா, ஷேவ் எடுக்கேக்கை வெட்டினது எண்டு சொன்னீங்கள். அம்மாவுக்கு நோய் கடுமையெண்டும் கடைசியாத்தான் சொன்னீங்கள். நீங்கள் விழுவீங்களெண்டு எனக்குப் பயமில்லை அப்பா. எல்லாரும்தான் விழுறது. விழுந்தா நீங்கள் சொல்லமாட்டீங்கள். தட்ஸ் வாட் ஸ்கேர்ஸ் மீ. அதுதான் நித்திரை இல்லை."

பெரியவர் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப சொல்லிப்போட்டன். இனி நீ கூட்டிக்கொண்டு போறதெண்டா, கூட்டிக்கொண்டு போ."

மகன் மறுத்துத் தலையாட்டினார். "இல்லையப்பா. இப்பிடிச் சொல்லுவீங்களெண்டா நீங்கள் இஞ்சையே இருங்கோ. நான் ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுப்பன். ஒண்டுமில்லை எண்டு சொன்னா நம்பமாட்டன். திரும்பவும் கேப்பன்."

"நம்பாதை" என்றார் பெரியவர். சொல்லும்போதே சிரித்துவிட்டார், கண்ணிலிருந்து வழிந்ததை மகனே துடைத்துவிட்டார்.

அக்கா அந்தக் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அன்று பின்னேரம் முழுவதும் அவர் யாரிடமும் எதையும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.